ரொட்டிக் கடையும் பீரங்கித் தொழிலும்

கடையை விற்பவர் தராசையும் அலமாரியையும் மட்டுமா விற்கிறார்? பல ஆண்டுகளாக அக்கடையை நாடி வரும் வாடிக்கைக்காரரின் நம்பிக்கையையும் சேர்த்தே விற்கிறார். வணிகர்கள் 'குட்வில்' என வழங்கும் இந்த நற்பெயருக்குத் தனி விலை உண்டு. விற்றவர் மறுநாளே எதிர்வீட்டில் வேறொரு கடை திறந்தால் வாங்கியவருக்கு மிஞ்சுவது என்ன? ஆகவே, 'இனி இத்தொழிலில் போட்டியிடேன்' என்று எழுதி வாங்கும் வழக்கம் எழுந்தது.

அவ்வெழுத்தை நீதிமன்றம் மதிக்குமா என்பதில்தான் சிக்கல். 1414-இல் இங்கிலாந்தில் சாயத் தொழிலாளி ஒருவர், ஆறு மாதம் தம் ஊரில் தொழில் செய்வதில்லை என எழுதிக் கொடுத்திருந்தார். எழுதி வாங்கியவர் எதிரில் இருந்தால் அபராதம் கட்டும்வரை சிறையில் வைத்திருப்பேன் என்று நீதிபதி ஹல் சீறினார். ஒருவரது பிழைப்பைத் தடுப்பது அவருக்கு அவ்வளவு பெருங்குற்றமாகத் தோன்றியது.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. லண்டனில் ரெனால்ட்ஸ் என்பவர் தமது ரொட்டிக் கடையின் குத்தகையை மிச்சல் என்பவருக்கு ஐந்தாண்டுகளுக்கு மாற்றிக் கொடுத்தார். அக்காலத்தில் அதே வட்டாரத்தில் ரொட்டித் தொழில் செய்தால் 50 பவுன் தருவதாகப் பத்திரமும் எழுதினார். பின்னர் வாக்கை மீறி, முறையாகப் பயின்ற தொழிலைத் தடுக்கும் பத்திரம் செல்லாது என வாதாடினார். 1711-இல் தலைமை நீதிபதி பார்க்கர் அதற்கு இணங்கவில்லை. தக்க பயன் பெற்று, நியாயமான எல்லைக்குள் ஏற்ற தடை செல்லும் என்றார்.

ஒரு வட்டாரத்துக்குச் சரி, உலகம் முழுவதற்கும்? ஸ்வீடன் நாட்டவரான தோர்ஸ்டன் நோர்டன்ஃபெல்ட் 1886-இல் தமது பீரங்கி, வெடிமருந்துத் தொழிலை 2,87,500 பவுனுக்கு விற்றார். வாங்கிய கம்பெனி 1888-இல் மாக்சிம் கம்பெனியோடு இணைந்தபோது, 25 ஆண்டுகள் அத்தொழிலில் எங்கும் ஈடுபடுவதில்லை என உறுதி தந்தார். பிறகு பெல்ஜியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்துகொண்டார். வழக்கு 1894-இல் பிரபுக்கள் சபையை எட்டியது. பீரங்கி வாங்குபவர்கள் தெருவில் போகும் மக்களா? அரசாங்கங்கள் அல்லவா! அவை உலகெங்கும் இருப்பதால் தடையும் உலகளாவியதாக இருக்கலாம் என்று பிரபுக்கள் தீர்த்தனர். கம்பெனி நடத்தும் வேறு எந்த வியாபாரத்திலும் போட்டியிடலாகாது என்ற மற்றொரு நிபந்தனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்பே வெட்டி எறிந்திருந்தது. விற்காத பொருளுக்காக ஒருவரின் கையைக் கட்டுவானேன்? வழக்கின் நேர்மை, என் நோக்கில், இந்த வெட்டில்தான் இருக்கிறது.

நம் நாட்டின் நிலை வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழிலைத் தடுக்கும் உடன்பாடுகள் அந்த அளவுக்குச் செல்லாவென்கிறது. நற்பெயரை விற்றவர் தரும் உறுதிக்கு மட்டும் விலக்கு. அதிலும் இட எல்லையைக் குறிப்பிடவேண்டும். வாங்கியவரோ அவர் வழி வந்தவரோ அங்கே அத்தொழிலை நடத்தி வரவேண்டும். எல்லை நியாயமானதென நீதிமன்றமும் கருதவேண்டும். நோர்டன்ஃபெல்ட் எழுதிக் கொடுத்த பத்திரத்தை இச்சட்டத்தின் முன் வைத்தால், இட எல்லை எங்கே என்ற முதற் கேள்வியிலேயே அது தடுக்கி நிற்கும்.