பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே

அந்த நட்டை மழுக்கியது நான்தான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் வீட்டு வாசலில் சாக்கு விரித்து, அப்பாவின் 1978 மாடல் புல்லட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். கையில் புத்தம் புது ஸ்பேனர் செட். 13 போட்டால் நுழையவில்லை, 14 போட்டால் ஆடியது. ஆடினால் என்ன என்று அழுத்தித் திருப்பினேன். சறுக்கிக்கொண்டு போய் ஆறு முனையும் உருண்டுவிட்டது. நாற்காலியில் இருந்த அப்பா பேப்பரை மடித்தார்.

"எத வச்சுடா திருப்புன? இது மில்லிமீட்டர் வண்டி இல்ல, இஞ்ச் வண்டி."

நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன். எனக்கு அது தெரியாது.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். அந்த நட்டு கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனருக்கானது. அந்த ஸ்பேனரின் வாய் 0.525 இஞ்ச், அதாவது 13.3 மில்லிமீட்டர். எனது 13க்கும் 14க்கும் நடுவே ஒரு தேசமே இருந்திருக்கிறது. மேலே பொறித்திருக்கும் 'கால்' என்பது வாயின் அகலம்கூட இல்லை, போல்ட் தண்டின் விட்டம். இங்கிலாந்தில் பட்டறைக்கு ஒரு மரை என்றிருந்த காலத்தில், 1841இல், ஜோசப் விட்வொர்த் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மரையை முன்வைத்தார். அதன் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. அதனால் பழைய துளையில் புது போல்ட்டைத் திணித்தால் இரண்டு சுற்று சாதுவாகப் போகும், மூன்றாவதில் மரையைத் தின்றுவிடும்.

இந்த இஞ்ச் திருவொற்றியூருக்கு எப்படி வந்தது? 1955இல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே ரெட்டிச் விற்றுவிட்டது. அதே 1957 ஏப்ரலில்தான் அணா போய் நயா பைசா வந்தது. மெட்ரிக் அளவைக் கொண்டுவரும் சட்டம் அதற்கு முந்தைய வருஷமே நிறைவேறிவிட்டது. நாடு பத்துப் பத்தாக எண்ணக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில், சென்னையின் வடக்கு ஓரத்தில் ஒரு தொழிற்சாலை பிரிட்டிஷ் இஞ்சில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது.

பிறகு ஒரு வேடிக்கை. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970 வாக்கில் தாய்க் கம்பெனியே இல்லை. இங்கே 70க்கு 90 மில்லிமீட்டர் சிலிண்டரும் இரும்பு பேரலும் மாறவில்லை. 1977இல் வண்டி இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ஏன் மாறவில்லை என்பதற்குப் பெருமையான பதில் எதுவும் கிடையாது. இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு லைசென்ஸ், பெரிய போட்டியும் இல்லை. மாற்றாமலே விற்றது, அதனால் மாற்றவில்லை. ஆனால் அப்படித் தேங்கிக் கிடந்ததால்தான் ஒரு வருஷத்துப் பாகம் பல வருஷத்து வண்டிக்குப் பொருந்துகிறது. ஊருக்கு ஒரு மெக்கானிக் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிறார். நான் வியந்து பாராட்டும் 'வீட்டிலேயே சரிசெய்யலாம்' என்ற குணம், பற்றாக்குறையின் மிச்சம்.

இதை அப்பாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 1984இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி. பாயிண்ட் தேய்ந்து நடுரோட்டில் நின்றதும், மழையில் அம்மாவை நிற்கவைத்துவிட்டு பிளக்கைத் துடைத்ததும், மாசம் ஒரு தடவை டேப்பெட் பார்த்ததும் அவருக்கு ரசனை இல்லை. மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருஷமே ஜப்பான் நுட்பத்தில் 100 சிசி வண்டிகள் தெருவெல்லாம் ஓடத் தொடங்கியபோது, பணம் இருந்திருந்தால் மாறியிருப்பேன் என்றார்.

"உனக்கு இது ஞாயித்துக்கிழமை வண்டிடா. எனக்கு திங்கக்கிழமை வண்டி."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய வண்டிகளைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வரலாறுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதில் கிரீஸ் வாசனை இருக்கும், லேட்டாகப் போய் வாங்கிய மெமோ இருக்காது.

நட்டை உளி வைத்து வெட்டி எடுத்தேன். புதுப்பேட்டையில் ஒரு கடையில், பழைய இரும்புக் குவியலுக்குள் கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனர் கிடைத்தது. புது நட்டில் வைத்தபோது துளிகூட ஆடவில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் உதைக்க முடியாது. அருகில் நின்று சொல்லிக்கொடுத்தார். கிக்கரை மெதுவாக அமுக்கு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரட்டும். இப்போ டீகம்ப்ரஷரைப் பிடிச்சு கொஞ்சமா இறக்கு. விடு. இப்போ உதை.

மூன்றாவது உதையில் பிடித்தது. அப்பா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"டேப்பெட் சத்தம் வருது, பாரு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.