எவர்சில்வர் கார்

வீட்டில் சாம்பார் வாளியும் டம்ளரும் எந்த உலோகமோ, கிட்டத்தட்ட அதே உலோகத்தில் கார்களும் செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது எவர்சில்வர். நமக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகும். அதுதான் துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டு அந்தப் படலம் மறுபடி உருவாகிவிடும்.

அப்படியென்றால் எல்லாக் கார்களையும் இதிலேயே செய்யலாமே? 1936-ல் பென்சில்வேனியாவின் அலிகெனி எஃகு கம்பெனி, ஃபோர்டுடன் சேர்ந்து செய்து பார்த்தது. மொத்தம் ஆறு கார்கள். பிறகு 1960-ல் இரண்டு தண்டர்பேர்டுகள், அதே பத்தாண்டில் மூன்று லிங்கன் கார்கள். அதோடு சரி. இந்த எஃகு வளைக்க வளைக்க இறுகும். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகளையே கெடுத்துவிடும். பாத்திரத்தில் விழுவதுபோல ஒடுக்கு விழுந்தால், பூசி மறைக்கப் பெயின்டும் கிடையாது.

துணிந்து ஆயிரக்கணக்கில் செய்தவர் ஜான் டெலோரியன். ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பதவியில் இருந்தவர். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் தொழிற்சாலை கட்டினார். பணத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் மோதிக்கொண்டிருந்த, வேலையில்லாத் திண்டாட்டம் நிறைந்த இடம் அது. அந்தத் தொழிற்சாலைக்குள் இரு தரப்பினரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள்.

1981-ல் முதல் கார் வெளிவந்தது. பெயின்ட் இல்லாத உடல், இறக்கைபோல மேலே திறக்கும் கதவுகள், விலை சுமார் 25,000 டாலர். அப்போது அமெரிக்காவில் பொருளாதார மந்தம். கார்கள் தேங்கின. சுமார் 9,000 கார்களோடு 1982 கடைசியில் உற்பத்தி நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அதே வருடம் போதைப்பொருள் வழக்கில் டெலோரியன் கைதானார். 1984-ல் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. காருக்கு உலகப் புகழ் தேடித்தந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ படம் 1985-ல்தான் வந்தது. அந்தப் புகழ் டன்மரிக்கு உதவவில்லை. நியூ ஜெர்சியில் தன் பெரிய பண்ணையையும் இழந்த டெலோரியன், 2005-ல் அதே மாநிலத்தில் காலமானார்.

கார்களில் பல இன்னும் ஓடுகின்றன. அதற்குக் காரணம் எஃகு மட்டும் இல்லை. வெளித்தகடுதான் ஸ்டெயின்லெஸ், அதைத் தாங்கும் சேஸிஸ் சாதாரண எஃகு, மேலே எபாக்ஸி பூச்சு. பூச்சு உடைந்தால் குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு உள்ளே போய் அரிக்கும். டெக்சஸில் ஹூஸ்டன் அருகே ஹம்பிள் என்ற ஊரில் ஒரு கம்பெனி, தொழிற்சாலையில் மிஞ்சிய உதிரி பாகங்களை வாங்கி வைத்து இந்தக் கார்களைப் பழுதுபார்க்கிறது.

அதே டெக்சஸில், ஆஸ்டினில் இப்போது டெஸ்லாவின் சைபர்ட்ரக் தயாராகிறது. அதற்கும் ஸ்டெயின்லெஸ் உடல்தான். 2025 மார்ச்சில் 46,000-க்கும் மேற்பட்ட சைபர்ட்ரக்குகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். எஃகு துருப்பிடித்ததால் அல்ல. கூரை ஓரத் தகட்டைப் பிடித்திருந்த பசை விட்டுப்போகலாம் என்பதால்.

கார் ஷோவில் ஒரு டெலோரியனைப் பார்த்தால், இறக்கைக் கதவோடு நின்றுவிடாதீர்கள். குனிந்து அடியிலும் பாருங்கள். அந்தக் கார் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பது அங்கேதான் தெரியும்.