ஒரு தண்டனைச் சட்டம், இரு கரைகள்: முத்துக்குளித்துறையிலிருந்து கருக்கலைப்புச் சட்ட வரலாற்றை நோக்குதல்

மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையான முத்துக்குளித்துறையில் தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல், வேம்பார். இலங்கைக் கரையில் மன்னார், சிலாபம், நீர்கொழும்பு. இரு பக்கமும் முத்துச் சலாபத்தால் பெயர் பெற்றவை. கத்தோலிக்க மீனவச் சமூகங்கள் செறிந்து வாழ்பவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் எழுதப்பட்ட தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வது தவிர்த்த கருக்கலைப்பு அனைத்தும் குற்றம். நூறு ஆண்டுகள் கழிந்தபோது இந்தியக் கரையில் அரசு மருத்துவமனையே கருக்கலைப்பு செய்துகொடுத்தது. இலங்கைக் கரையில் பழைய வாசகம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

சமயம், காலனிய மரபு, தொழில் ஆகியவை ஒத்திருந்தும் வழிகள் பிரிந்தது ஏன் என்று இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியச் சட்டம் பெண்ணின் உரிமை என்ற பெயரில் வரவில்லை. பொதுச் சுகாதாரம், மக்கள்தொகைக் கொள்கை என்ற பெயர்களில் வந்ததால்தான் பெரிய அரசியல் மோதலின்றி நிறைவேறியது. அந்த எளிமைக்கு ஈடாக முடிவெடுக்கும் அதிகாரம் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. 1990-களிலிருந்து நீதிமன்றங்களில் நடந்துவருவது பெரும்பாலும் அந்த அதிகாரத்தைப் பற்றிய வழக்கே. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1. காலனியச் சட்டமும் சென்னை உயர் நீதிமன்றமும்

1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கருவைக் கலைப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. கரு அசைவு தெரிந்த பின் கலைத்தால் ஏழாண்டு. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே என்று விளக்கக் குறிப்பு கூறியது.

இப்பிரிவின் எல்லையை வரையறுத்த தொடக்கத் தீர்ப்புகளுள் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தினுடையது. 1886-இல் அங்கு வந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட பெண் கருவுற்று ஒரு மாதமே ஆகியிருந்தது; கரு என்று சொல்லத்தக்க உருவம் எதுவும் இல்லை என்று கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்திருந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருத்தரித்த கணம் முதலே ஒரு பெண் சட்டத்தின் பார்வையில் கருவுற்றவள் என்று அது தீர்த்தது. சட்டம் தந்த விதிவிலக்கு குறுகியது. அந்தத் தீர்ப்போ குற்றத்தின் வாயிலை மிக அகலமாகத் திறந்துவிட்டது. நாள் தள்ளிப்போனதும் நாட்டு மருந்தையும் ஊர் மருத்துவச்சியையும் நாடிய பெண்களின் உலகம் முழுவதும் இதன்பின் சட்டத்தின் கண்ணில் குற்ற உலகமாயிற்று.

1883-இல் இலங்கை தனக்கென இயற்றிய தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பெரிதும் பின்பற்றியது. அதன் 303-ஆம் பிரிவு 312-இன் நகல் என்றே சொல்லலாம்.

2. திருச்சபையும் சுயமரியாதை இயக்கமும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே மறைக்கல்வியைப் பரப்பினார். 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயரான பிரான்சிஸ் திபூர்சியஸ் ரோச் இந்தியர். குடும்ப வாழ்வைப் பற்றிய திருச்சபையின் போதனை ரோமிலிருந்து பங்குக் கோயில் வரை ஒரே நேர்கோட்டில் இறங்கும் அமைப்பு இங்கு உறுதியாக இருந்தது. 1930-இல் பதினொன்றாம் பயஸும் 1968-இல் ஆறாம் பவுலும் வெளியிட்ட சுற்றுமடல்கள் கருக்கலைப்பை மட்டுமன்றிச் செயற்கைக் கருத்தடையையும் விலக்கின.

அதே காலத்தில் தமிழகத்தில் வேறொரு குரலும் எழுந்தது. 1928-இல் சென்னையில் நியோ-மால்தூசியன் கழகம் தொடங்கப்பட்டது. நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் ஆகியவற்றைக் காட்டிக் கருத்தடையை வலியுறுத்தியவர்கள் அதில் இருந்தனர். சுயமரியாதை இயக்கத் தலைவர் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் அந்த வாதத்திலிருந்து தம்மை வெளிப்படையாக விலக்கிக்கொண்டார். மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், தாம் அதைப் பெண்களின் விடுதலைக்காகக் கேட்பதாக அவர் எழுதினார். பிள்ளை பெறுவதே பெண்ணைக் கட்டிப்போடும் தளை என்பது அவர் நிலை.

ஆக 1930-களிலேயே மூன்று வாதங்களும் தமிழில் களத்தில் இருந்தன: உயிர் இறைவனுடையது என்ற திருச்சபை வாதம், மக்கள்தொகை வாதம், பெண் விடுதலை வாதம். பின்னாளில் சட்டமானது இரண்டாவது. விடுதலைக்குப் பின் சென்னை மாநில அரசு 1950-களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஊக்கத்தொகை அளித்து முன்னோடியாக நின்றது. இந்தச் சூழலில் கருக்கலைப்பும் உரிமைப் பேச்சாக அல்லாமல் நிர்வாகப் பேச்சாகவே உள்ளே வந்தது.

3. 1971: மோதலின்றி வந்த சட்டம்

1964-இல் மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1966-இல் அதன் அறிக்கை வந்தது. கைமருத்துவத்தால் பெண்கள் இறப்பதைத் தடுக்கச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்பதே குழுவின் முதன்மைக் காரணம். இங்கிலாந்து 1967-இல் தன் சட்டத்தை மாற்றியதும் உந்துதலாயிற்று.

மசோதாவை முன்னெடுத்தவர்களுள் முக்கியமானவர் எஸ். சந்திரசேகர். சென்னையில் படித்த மக்கள்தொகையியலாளர். 1967 முதல் மத்திய சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் அமைச்சர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவருக்குக் கருக்கலைப்பு மக்கள்தொகைக் கேள்வியின் ஒரு பகுதி. அரசோ நாடாளுமன்றத்தில் அதைச் சுகாதார நடவடிக்கையாகவே முன்வைத்தது.

1971 ஆகஸ்ட் 10 அன்று மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து, 12 முதல் 20 வாரம் வரை இருவரின் கருத்து தேவை. பெண்ணின் உயிருக்கு ஆபத்து, உடல் அல்லது மனநலத்துக்குக் கடும் பாதிப்பு, வன்புணர்வு, கருவின் குறைபாடு ஆகியன காரணங்கள். மணமானவர்களுக்குக் கருத்தடைச் சாதனம் தவறியதும் மனநல பாதிப்பாகக் கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் கருக்கலைப்பை அரசமைப்பு உரிமையாக ஏற்ற ரோ வழக்கின் தீர்ப்பு வந்தது இதற்குப் பிறகு, 1973 ஜனவரியில்.

அங்கே கருக்கலைப்பு அரை நூற்றாண்டு அரசியல் போராயிற்று. இங்கே தேர்தலில் ஒரு கட்சியும் அதைக் கையிலெடுக்கவில்லை. சட்டம் தண்டனைப் பிரிவை நீக்காததே இதற்குப் பெரிய காரணம். 312 அப்படியே இருந்தது. நிபந்தனைப்படி செய்யும் மருத்துவருக்கு அதிலிருந்து பாதுகாப்பு மட்டும் தரப்பட்டது. பெண் கேட்டால் செய்தாக வேண்டும் என்று எந்த வரியும் இல்லை. திருச்சபையும் தன் எதிர்ப்பை விடவில்லை. கத்தோலிக்க மருத்துவமனைகளில் கருக்கலைப்பு செய்யப்படுவதில்லை. 1995-இல் இரண்டாம் யோவான் பவுல் போதனையை மீண்டும் வலியுறுத்தினார். 2016-இல் பிரான்சிஸ் இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக அளித்தார். சட்டத்தின் 50-ஆம் ஆண்டான 2021-இல் இந்திய ஆயர்கள் ஆகஸ்ட் 10-ஐத் துக்க நாளாகக் கடைப்பிடிக்க அழைத்தனர். ஆனால் சிறுபான்மைச் சமயமான கத்தோலிக்கத்தின் எதிர்ப்பு இங்கு பிரசங்க மேடையிலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் செயல்பட்டது, வாக்குப்பெட்டியை எட்டவில்லை.

4. எதிர்க்கரை

இலங்கையில் நடந்தது நேர்மாறு. 1995-இல் தண்டனைச் சட்டத் திருத்தத்தோடு வன்புணர்வு, முறைதகா உறவு, கருவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்கும் பிரிவு நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அந்தப் பிரிவு மட்டும் கைவிடப்பட்டது. எஞ்சிய திருத்தங்கள் நிறைவேறின. பின்னர் நீதியரசர் புவனெக அலுவிகாரே தலைமையிலான குழு ஏறத்தாழ அதே விலக்குகளைப் பரிந்துரைத்தது. 2017-இல் அமைச்சரவை வரை சென்ற அந்த முயற்சியும் சமயத் தலைவர்களின் எதிர்ப்பால் நின்றது.

இலங்கையிலும் கத்தோலிக்கர் சிறுபான்மையினரே. ஆகவே சமய எண்ணிக்கை மட்டும் விளக்கமாகாது. அங்கே கேள்வி தண்டனைச் சட்டத் திருத்தமாக, ஒழுக்கம் பற்றிய கேள்வியாகவே சபைக்கு வந்தது. பௌத்த, கத்தோலிக்கத் தலைமைகள் ஒரே பக்கம் நிற்க அது வழிவிட்டது. இந்தியாவில் தனிச் சுகாதாரச் சட்டமாக வந்ததால் அத்தகைய கூட்டணிக்கு இடம் ஏற்படவில்லை. எந்தக் கதவு வழியாகச் சட்டம் உள்ளே வருகிறது என்பதே இரு கரைகளின் வேறுபாட்டைப் பெருமளவு தீர்மானித்தது.

5. நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி

சட்டம் அமைதியாக வந்தாலும் அதன் இடைவெளிகள் வழக்குகளாயின. 1990-களின் தொடக்கத்தில் 16 வயதுப் பெண்ணின் கருவைக் கலைக்க அனுமதி கேட்டு அவருடைய தந்தை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். சிறுமியருக்குக் காப்பாளரின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்பது சட்டம். பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். காப்பாளரின் இசைவு கூடுதல் பாதுகாப்பே ஒழிய, பெண்ணின் விருப்பத்துக்கு எதிராகக் கட்டாயப்படுத்தும் உரிமை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். 1996-இல் வந்த வேறொரு வழக்கில், வன்புணர்வால் மூன்று மாதக் கருவுற்ற 18 வயதுப் பெண்ணுக்கு அதே நீதிமன்றம் அனுமதி அளித்தது. மூன்றாம் மாதத்துக்குச் சட்டத்தில் நீதிமன்ற அனுமதி தேவையே இல்லை. போலீஸ் வழக்குக்கு அஞ்சிய மருத்துவர்கள் கோர்ட் உத்தரவு கேட்டதே இத்தகைய வழக்குகளுக்கு வழிவகுத்தது. இதைத்தான் 2019 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தெளிவுபடுத்தினார்: 20 வாரத்துக்குட்பட்ட நிலையில் வன்புணர்வுக்கு ஆளான பெண்ணை நீதிமன்றத்துக்கு அலையவிடக் கூடாது.

அலைச்சலின் பொருள் தூத்துக்குடிக்கு நன்கு தெரியும். 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி 2000-இல் வந்தது. கருக்கலைப்பு மையங்களுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரம் 2002 திருத்தத்தால்தான் மாவட்டக் குழுக்களுக்கு இறங்கியது. உயர் நீதிமன்றக் கதவைத் தட்ட 2004 ஜூலை வரை சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. மதுரைக் கிளை வந்த பின் வழி குறைந்தது. வாரக்கணக்கில் உரிமை மாறும் சட்டத்தில் தூரமும் ஒரு நிபந்தனையாகிவிடுகிறது.

தேசிய அளவில் 2008-இல் மும்பை உயர் நீதிமன்றம் 24 வாரக் கருவுக்கு அனுமதி மறுத்தது. கருவின் இதயக் கோளாறு பற்றிய அந்த வழக்கு 20 வார வரம்பை மக்கள் விவாதமாக்கியது. 2009-இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு காக்கும் தனிமனித உரிமை என்றது. 2017-இன் தனியுரிமைத் தீர்ப்பு அதை உறுதிசெய்தது. பெரியார் எழுப்பிய வாதம் அரசமைப்பு மொழியில் முதன்முறையாக இடம்பெற்றது இங்கேதான்.

2021 திருத்தம் ஒரு மருத்துவரின் கருத்துப் போதும் என்ற எல்லையை 20 வாரமாக்கியது. வன்புணர்வுக்கு ஆளானோர், சிறுமியர், கருவுற்றிருக்கையில் விதவையானோர், மணமுறிவு பெற்றோர் உள்ளிட்டோருக்கு 24 வாரம் வரை இடமளித்தது. “கணவர்” என்றிருந்த இடத்தில் “துணைவர்” வந்தது. 24 வாரத்துக்குப் பின் கருவின் கடும் குறைபாட்டை மருத்துவ வாரியம் உறுதிசெய்தாக வேண்டும். 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு, மணமாகாதோரையும் 24 வாரச் சலுகையில் சேர்த்தது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி தகவல் தரும் மருத்துவர் சிறுமியின் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும் கூறியது. அதே ஆண்டு ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பைத் தள்ளுபடி செய்திருந்தது.

அடுத்த ஆண்டே இந்திய உரிமையின் எல்லையும் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துவந்த இரு குழந்தைகளின் தாய், மாதவிலக்கு திரும்பாததால் கருவுற்றதைத் தாமதமாக அறிந்து 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வந்தார். இருவர் அமர்வு அனுமதித்தது. கரு உயிர் பிழைக்கக்கூடியது என்று எய்ம்ஸ் மருத்துவர் எழுதியதும் அமர்வு பிளந்தது: நீதிபதி ஹிமா கோலி பின்வாங்கினார், பெண்ணின் முடிவே மதிக்கப்பட வேண்டும் என்று நீதிபதி பி.வி. நாகரத்னா நின்றார். அக்டோபர் 16 அன்று மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. 26 வாரம் கடந்த கரு சட்ட வரம்புக்கு வெளியே என்பதே அதன் முடிவு.

6. முடிவுரை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவில் பழைய 312 மறுபிறவி எடுத்திருக்கிறது. ஐம்பதாண்டுத் திருத்தங்களும் தீர்ப்புகளும் விலக்கைத்தான் அகலப்படுத்தியுள்ளன; குற்றம் என்ற அடித்தளத்தை அசைக்கவில்லை. லான்செட் குளோபல் ஹெல்த் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1.56 கோடி என மதிப்பிட்டது. அவற்றுள் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. சட்டம் கையொப்பத்தை யாரிடம் தேடச் சொல்கிறதோ, அவரைத் தவிர்த்தே பெரும்பாலோர் வழி கண்டிருக்கிறார்கள்.

இரு கரைகளின் ஒப்பீடு தரும் பாடம் இருமுனையானது. பெண்ணின் உரிமை என்று பேசாமல் சட்டம் கொண்டுவந்ததால் இந்தியக் கரையில் உயிர்கள் காப்பாற்றப்பட்டன; அந்தத் தந்திரம் இல்லாத எதிர்க்கரையில் இருமுறை தோல்வியே கிடைத்தது. ஆனால் பேசாமல் விட்ட கேள்வி மறைந்துபோகவில்லை. வன்புணர்வால் கருவுற்று 25-ஆம் வாரத்தில் வரும் தூத்துக்குடிப் பெண்ணுக்கு அது மதுரையில் ஒரு ரிட் மனுவாகக் காத்திருக்கிறது. 1971-இல் நாடாளுமன்றம் தவிர்த்த விவாதத்தை ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக, தன் வழக்கில், தன் செலவில் நடத்திக்கொண்டிருக்கிறாள். அடுத்த திருத்தம் வாரங்களை நீட்டுவதோடு நின்றால் இந்நிலை மாறாது. தண்டனைச் சட்டத்தின் பிரிவையே அது தொட்டாக வேண்டும்.