குல்பென்கியன், கலூஸ்ட் (1869–1955)

கலூஸ்ட் சர்கிஸ் குல்பென்கியன், இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் ஆர்மீனிய வணிகக் குடும்பமொன்றில் பிறந்து, மேற்காசிய எண்ணெய் உரிமைகளின் பங்கீட்டில் பெரும்பங்கு வகித்த தொழில் வல்லுநரும் கொடையாளரும் ஆவார். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1887இல் பொறியியல் பட்டம் பெற்றார். பாக்கு நகர எண்ணெய் வயல்களைக் கண்டுவந்து 1891இல் பிரெஞ்சில் பயண நூல் வெளியிட்டார். 1896இல், ஆர்மீனியர் படுகொலைகளின்போது, எகிப்துக்குத் தப்பிச் சென்றார். பின்னர் லண்டனில் குடியேறி, 1902இல் பிரித்தானியக் குடிமகனானார்.

1912இல் அவர் முயற்சியால் உருவான துருக்கிய பெட்ரோலியம் கம்பெனியில், 1914ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ஆங்கிலோ-பாரசீக நிறுவனமும் ஷெல் குழுமமும் தத்தம் பங்கிலிருந்து இரண்டரை விழுக்காடு வீதம் விட்டுக்கொடுக்க, அவருக்கு 5 விழுக்காடு கிடைத்தது. இதனாலேயே 'மிஸ்டர் ஃபைவ் பர்சென்ட்' என்னும் பட்டப்பெயர் நிலைத்தது. முதல் உலகப் போருக்குப் பின், அக்கம்பெனியில் ஜெர்மானியர் வைத்திருந்த பங்கு பிரான்சுக்குச் சென்றது; அமெரிக்க நிறுவனங்களும் இடம் கேட்டன. பங்குதாரர்களோ லாபத்துக்குப் பதில் கச்சா எண்ணெயையே பிரித்துக்கொள்ள விரும்பினர். சுத்திகரிப்பு ஆலையோ விற்பனை அமைப்போ இல்லாத தனிமனிதருக்கு எண்ணெயால் பயனில்லை என்பதால், அவர் பணமே வேண்டும் என ஆண்டுக்கணக்கில் பிடிவாதமாக நின்றார். 1927 அக்டோபரில் கிர்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்ட பின், 1928 ஜூலை 31இல் 'செங்கோட்டு உடன்படிக்கை' கையெழுத்தானது. வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் குறித்த எல்லைக்குள் எந்தப் பங்குதாரரும் தனித்து எண்ணெய் தேடலாகாது என்பதே இதன் சாரம். ஆங்கிலோ-பாரசீக, ஷெல், பிரெஞ்சு, அமெரிக்கத் தரப்புகள் நான்குக்கும் தலா 23.75 விழுக்காடு போக, எஞ்சிய 5 அவருடையதாயிற்று. அவருக்குரிய எண்ணெயைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளப் பிரெஞ்சு நிறுவனம் இசைந்தது. அக்கோட்டைத் தாமே பென்சிலால் வரைந்ததாக அவர் கூறியதாகச் சொல்லப்படினும், பிரெஞ்சுத் தரப்பின் வரைபடமே அடிப்படை என்பாரும் உளர்.

ஏறத்தாழ 6,000 கலைப்பொருள்களைத் திரட்டிய அவர், சோவியத் அரசு ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்திலிருந்து விற்றவற்றுள் ஹூடோனின் பளிங்கு டயானாவையும் ரெம்ப்ராண்ட் ஓவியங்களையும் வாங்கினார். நண்பர் ரெனே லலீக் படைத்த மார்பணியில், தட்டான் பூச்சியின் வாயிலிருந்து பெண்ணுடல் வெளிப்படுகிறது. ஒரு சாணுக்கும் அகலமான அதன் எனாமல் இறக்கைகள் கீல்களால் அசையும் வண்ணம் அமைந்தவை. லண்டனின் புனித சர்கிஸ் ஆர்மீனியத் தேவாலயமும் அவர் கொடையே.

1942இல் லிஸ்பன் சென்று, அங்கு விடுதியொன்றிலேயே வாழ்ந்து, 1955 ஜூலை 20இல் காலமானார். அவர் உயில்வழி 1956இல் அறக்கட்டளையும் 1969இல் அருங்காட்சியகமும் தோன்றின. அறக்கட்டளை 2019இல் தன் எண்ணெய் நிறுவனத்தைத் தாய்லாந்து நிறுவனத்துக்கு விற்றது.