வீட்டு சர்வரும் மசூலா படகும்

ராயபுரத்தில் ‘துறைமுகம்’ என்று சொன்னால் நம்மை வெளியூர் ஆள் என்று நினைப்பார்கள். இங்கே அது ‘ஹார்பர்’தான். அந்த ஹார்பர் இல்லாத காலத்திலும் மெட்ராஸுக்குக் கப்பல் வந்தது, கரைக்குத்தான் வரவில்லை. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகு இங்கிருந்து அலையைத் தாண்டிப் போய், ஆளையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு வரும். 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் போட்டார்கள். 1870களில் ஹார்பர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்டினார்கள்.

நம் வீட்டு இன்டர்நெட் இன்னும் மசூலா காலத்தில்தான் இருக்கிறது. நாம் வெளியே போகலாம். வெளியாள் உள்ளே வர முடியாது.

திருவொற்றியூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், கடல் அரித்துப் போன தெருக்களின் பழைய போட்டோக்களை வீடு வீடாகப் போய் வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறான். (ஹார்பர் சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே நம் கரை கரைந்தது. இந்தக் கணக்கை மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் போடுவதில்லை.) அவற்றை எந்தக் கம்பெனியின் பக்கத்திலும் போடாமல், வீட்டிலேயே சின்ன கம்ப்யூட்டரில் சர்வர் வைத்தான். வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. துபாயில் இருக்கும் அவன் அண்ணனுக்குத் தெரியவில்லை.

காரணம் பழையது. 1981-ல் வகுத்த ஐபி முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். போதாது என்று 1990களிலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகேவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் ‘நாட்’ என்ற ஏற்பாட்டை எழுதி வைத்தார்கள். வெளியே ஒரே எண். உள்ளே எத்தனை கருவி வேண்டுமானாலும். உள்ளிருந்து போகும் கோரிக்கையை ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவது யாருக்கு என்று அதற்குத் தெரியாது, விட்டுவிடும். குறுகிய காலத் தீர்வு என்றுதான் அவர்களே சொன்னார்கள். முப்பது வருஷம் தாண்டிவிட்டது!

1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது இந்தத் தொல்லை நமக்கு உறைக்கவில்லை. பிறகு பிராட்பேண்ட் வந்தபோதும் வழி இருந்தது. ரவுட்டருக்குள் போய், ‘80, 443 என்ற போர்ட்டுகளுக்கு வருவதை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு’ என்று எழுதி வைத்தால் போதும். இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். வெளி எண் அடிக்கடி மாறினால், அதைப் பின்தொடரும் பெயர்ச் சேவைகளும் இருந்தன.

2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரலில் ஆசியாவுக்கான பங்கும் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதன்பின் பல கம்பெனிகள் பல வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைத்தன. இதற்கென்றே 2012-ல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் வெளி எண் இப்படித் தொடங்கினால், போர்ட் ஃபார்வர்டிங் செய்து பயனில்லை. அடைத்த கதவு உங்கள் வீட்டில் இல்லை, கம்பெனியில் இருக்கிறது. மாணவனுக்கு நேர்ந்தது அதுதான். கஸ்டமர் கேரில் மூன்று நாள் ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்றார்களாம்.

வழிகள் உண்டு. மாதக் காசு கொடுத்து நிலையான எண் வாங்கலாம். எண்ணுக்குப் பஞ்சமே இல்லாத ஐபிவி6 இந்தியாவில் நன்றாகப் பரவியிருக்கிறது. ரவுட்டரின் ஃபயர்வாலில் அனுமதி கொடுத்தால் நேரே வரலாம். ஆனால் பார்க்கிறவரிடமும் அது இருக்க வேண்டும், அண்ணனிடம் இல்லை. அதனால் பையன் மூன்றாவது வழியை எடுத்தான். வெளியே பொது எண்ணோடு சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரே அதற்கு எஸ்எஸ்ஹெச் இணைப்புப் போட்டுக் காத்திருக்கும்படி செய்தான். பார்க்க வருபவர் வாடகை சர்வருக்கு வருகிறார். அங்கிருந்து அந்த இணைப்பு வழியாக வீட்டுக்கு வருகிறார். மசூலாவேதான்: நாம் போய் அழைத்து வருகிறோம்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் வெப் போர்ட்டுகளை மட்டும் திறங்கள். ரவுட்டரின் அட்மின் பக்கத்தை வெளியே காட்டவே காட்டாதீர்கள். முதல் வேலையாக அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.