கல்விக் கடனும் மூன்றாம் கவுண்டர்காரரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பட்டியிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது, பேங்கில் லோனும் சாங்ஷன் ஆகிவிட்டது. "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாங்க அம்மா. மொராட்டோரியம் அஞ்சு வருஷம்னு போட்டிருக்கு மாமா. அதுவரைக்கும் வட்டி கிடையாதுதானே?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். 2003-இல் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடன் வாங்குகிற பிள்ளைக்கு இதைச் சொல்ல இன்னும் யாரும் இல்லையா என்று யோசித்தபோதுதான் இந்தக் கடன்களின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கத் தோன்றியது. இங்கே புனேயில் நிக்டி, ஆகுர்டி பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படிக் கடன் வாங்கிப் படித்து வந்தவர்கள்தான்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்கக் கடன் வாங்கியவர் பெரியப்பா. அது வங்கிக் கடன் இல்லை, சர்க்கார் கடன். மத்திய அரசு 1963-64-இல் தேசிய கடன் உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. படிக்கிற காலத்தில் பணம் வரும்; வட்டி கிடையாது; வேலைக்குப் போன பிறகு தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். அதில் ஒரு அழகான ஷரத்து. வாங்கியவர் ஆசிரியர் வேலைக்குப் போனால், பணியாற்றும் ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார். பத்து வருஷம் கணக்குப் பாடம் நடத்தியே கடனை அடைத்தேன் என்பார். (ஊர்ப் பையன்கள் வாங்கிய அடி எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தியா என்று தெரியவில்லை.)

ஆனால் அந்தத் திட்டம் வசூலில் படுத்துவிட்டது. பணம் கொடுத்தது மத்திய அரசு, நிர்வாகம் மாநிலக் கல்வித்துறை, பட்டுவாடா கல்லூரி வழியாக. படித்து முடித்த பையன் பம்பாய்க்கோ டெல்லிக்கோ போய்விட்டால் அவன் எங்கே இருக்கிறான், வேலை கிடைத்ததா என்று பார்க்க ஒரு ஆளும் கிடையாது. கட்ட நினைத்தவர்களுக்கே எங்கே போய்க் கட்டுவது என்பது பெரிய வேலை. கொடுத்த பணத்தில் திரும்பி வந்தது கொஞ்சமே. கடன் கொடுப்பதற்கு ஒரு இலாகா இருந்தது, கடன்காரனோடு கூடவே நடப்பதற்கு யாரும் இல்லை. இந்தக் குறை அதோடு தீர்ந்துவிடவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. சீட்டு பெருகியது, ஃபீஸும் பெருகியது. வங்கியில் படிப்புக்குக் கடன் என்று போனால் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா, நிலம் இருக்கிறதா என்பார்கள். இருந்தால்தான் விற்றுப் படிக்க வைத்திருப்பார்களே! நகை அடகுக் கடையும் வட்டிக்காரரும்தான் அன்றைய கல்விக் கடன் நிறுவனங்கள்.

நிலைமை மாறியது 2001-இல். கனரா வங்கியின் தலைவராக இருந்த ஆர்.ஜே. காமத் தலைமையிலான குழுவின் யோசனைகளை வைத்து இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை உருவாக்கியது. அந்த வருஷ பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் கடைசியில் ரிசர்வ் வங்கி அதை எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது. உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் வரை, வெளிநாட்டுக்கு 15 லட்சம் வரை. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், பெற்றோர் கையெழுத்து போதும். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை தவணை கட்ட வேண்டாம். அப்புறம் ஐந்து முதல் ஏழு வருஷத்தில் அடைக்க வேண்டும்.

இதை வாசிக்கும் பலருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட காகிதம் அது. என்னுடையதையும்தான். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கர். ஜாமீன் கொடுக்க எங்களிடம் இருந்தது ஒரு டிவிஎஸ் 50. அந்தத் திட்டம் வந்திராவிட்டால் நான் புனேயைப் பார்த்திருக்க மாட்டேன்.

நல்ல திட்டம்தான். ஆனால் கடன் கொடுத்த பிறகு பின்தொடர்வது பற்றி அதில் இருந்தது, மாணவனின் முன்னேற்ற அறிக்கையைக் கல்லூரியிடமிருந்து வங்கி அவ்வப்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான். அதாவது பையன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று வங்கிக்குத் தெரிய வேண்டும். வட்டி எப்படி ஏறுகிறது என்று பையனுக்குத் தெரிய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, வட்டிக்கு வருவோம். எனக்கு வருஷத்துக்கு 45,000 வீதம் நான்கு தடவையாக 1,80,000 ரூபாய். வட்டி 11 சதவீதம். மொராட்டோரியம் என்றால் தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு விடுமுறை இல்லை. பணம் கைக்கு வந்த நாளிலிருந்து தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தவணை ஆரம்பிக்கும் அன்று சேர்ந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்ந்துவிடும். 2007-இல் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு அறைத்தோழன் ஒருவன் எக்ஸலில் போட்டுக் காட்டினான். அவனும் அதே வருஷம் கடன் வாங்கியவன், வேறு ஊர், வேறு வங்கி. நான்கரை வருஷத்தில் என் கணக்கில் 59,400 ரூபாய் வட்டி சேர்ந்திருக்க வேண்டும். அசல் 2,39,400 ஆகிவிடும். அறுபது மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 5,200. அப்போது என் கைக்கு வந்த சம்பளம் பதினாறாயிரம். அன்றிரவு மெஸ் சாப்பாடு இறங்கவில்லை.

2008 ஜனவரியில் வங்கியிலிருந்து கடிதம் ஊருக்குப் போய், அங்கிருந்து கூரியரில் எனக்கு வந்தது. பிரித்தால் அசல் 1,80,000-தான். வட்டி 10 சதவீதம். தவணை 3,800 சொச்சம். தப்பாகப் போட்டுவிட்டார்கள், பிறகு கண்டுபிடித்துப் பிடுங்குவார்கள் என்று பயந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "எலே, வட்டியை நான் மாசாமாசம் கட்டிட்டுல்லா வந்தேன்."

முதல் தவணைப் பணத்துக்காக வங்கிக்குப் போன அன்று, மூன்றாம் கவுண்டரில் இருந்த கிளார்க் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். "அண்ணாச்சி, முடிஞ்சா வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டிருங்க. அசல்ல ஏறாது. ஒரு பர்சென்ட் வட்டியும் குறைப்பாங்க. பையன் வேலைக்குப் போறப்போ பாரம் தெரியாது." முதல் வருஷம் மாதம் நானூறு ரூபாய், கடைசி வருஷம் ஆயிரத்து அறுநூறு. தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் அது என்ன தொகை என்று எனக்குத் தெரியும். ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டிவிட்டு மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஒரு சதவீதச் சலுகை 2001 திட்டத்திலேயே இருந்தது. படிக்கிற காலத்தில் வட்டி கட்டுகிறவர்களுக்கு வங்கி அதைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. ஆனால் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அறைத்தோழனின் கிளையில் அப்படி ஒருவர் இல்லை. அவன் குடும்பம் வாடகை வீடு மாறியது. வங்கிக் கடிதங்கள் பழைய வீட்டுக்கே போயின. மேனேஜர் மாற்றலாகிப் போனார், புதியவருக்கு இவனைத் தெரியாது. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக் கடன். இவன் இங்கே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கடிதம் வரும், வந்ததும் கட்டலாம் என்று காத்திருந்தான்! 2012-இல் வீட்டுக் கடனுக்குப் போனபோதுதான் சிபில் அறிக்கையில் தன் பெயர் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. முழுவதையும் ஒரே தடவையில் கட்டினான். ஆனால் பார்த்து வைத்திருந்த ஃப்ளாட் கைவிட்டுப் போனது போனதுதான்.

பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் கடன், படிப்பு வேறு ஊரில், வேலை வேறு மாநிலத்தில். புலம் பெயரும் பிள்ளைகளுக்கென்று யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. நாடு முழுக்க நிலுவையிலிருந்த கல்விக் கடனில் பல வருஷங்கள் தமிழ்நாடுதான் முதலிடம். வேலைக்காக அதிகம் ஊர் விட்டுப் போனவர்களிலும் நம் பிள்ளைகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை கடிதம் பூட்டிய வீட்டு வாசலில் கிடந்திருக்கும்!

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. லோன் சர்வீசர் என்பார்கள். அங்கே 1965-இல் வந்த உயர்கல்விச் சட்டத்தின்படி வங்கிகள் கடன் கொடுத்தன, அரசு உத்தரவாதம் கொடுத்தது. 2010 ஜூலையிலிருந்து புதிய கடன்களை மத்திய அரசே நேரடியாகக் கொடுக்கிறது. ஆனால் மாணவனோடு பேசுவது அரசு இல்லை, ஒப்பந்தம் எடுத்த சர்வீசர் கம்பெனிகள். படிக்கிற காலத்திலேயே கணக்கு அனுப்புவது, முகவரி மாற்றம், படிப்பு முடிந்து ஆறு மாத அவகாசம் தீரும் முன் நினைவூட்டுவது, சம்பளம் குறைவென்றால் வருமானத்துக்கு ஏற்ற தவணைக்கு மாற்றிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஒரு கடன்காரருக்கு மாதம் இவ்வளவு என்று அரசு கூலி கொடுக்கிறது. கல்லூரிகளும், கடன் வாங்கும்போது ஒரு தடவை, படிப்பை விடும்போது ஒரு தடவை ஆலோசனை தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

கேட்க சொர்க்கம் போல இருக்கிறது, இல்லையா? அங்கேயும் கோளாறுதான். நேவியன்ட் என்ற பெரிய சர்வீசர் மீது 2017 ஜனவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் வழக்குப் போட்டது. சம்பளத்துக்கு ஏற்ற தவணையை விளக்க நேரம் பிடிக்கும். தவணையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது சீக்கிரம் முடியும். அதனால் ஆட்களை நிறுத்திவைப்பு பக்கமே தள்ளிவிட்டார்கள், வட்டி ஏறி அசலில் சேர்ந்தது என்பது குற்றச்சாட்டு. 2022-இல் 39 மாநிலங்களோடு 185 கோடி டாலர் மதிப்பில் ஒரு சமரசம். 2024 செப்டம்பரில் ஆணையத்தோடும் சமரசம்: 12 கோடி டாலர், கூடவே மத்திய அரசின் மாணவர் கடன்களைக் கையாளத் தடை. தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் உட்கார வைத்துப் பேச யாருக்கு நேரம் இருக்கும்! ஆனாலும் அங்கே வழக்குப் போட ஒரு பெயர் இருந்தது. என் அறைத்தோழன் யார் மீது போடுவான்?

நம் பக்கம் அதற்குள் வேறு மாற்றங்கள் வந்தன. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் மொராட்டோரிய வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-இல் வந்தது. பெரிய உதவி. ஆனால் தாசில்தார் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும், கிளை அதை நேரத்தில் கேட்டுப் பெற வேண்டும். சான்றிதழ் கொடுத்தும் கிளை விட்டுவிட்டது என்று புலம்பிய இரண்டு வீடுகளை எங்கள் தெருவிலேயே தெரியும். அதற்கு முன் வாங்கியவர்களுக்காக 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் ஒரு சலுகை அறிவித்தார்: 2009 மார்ச் வரை வாங்கிய கடன்களில் 2013 டிசம்பர் வரை நின்ற வட்டியை அரசு ஏற்கும். ஏறக்குறைய 9 லட்சம் பேருக்கு, 2,600 கோடி. ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. அப்பாவிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டார்.

2015-இல் வித்யாலட்சுமி இணையதளம் வந்தது, 7.5 லட்சம் வரையான கடன்களுக்கு 75 சதவீத அரசு உத்தரவாதமும் வந்தது. 2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி, தரவரிசையில் மேலே இருக்கும் 860 கல்வி நிலையங்களுக்கு. எல்லாம் கடன் கிடைக்கும் வழியைச் சுலபமாக்கின. கிடைத்த பின் நான்கைந்து வருஷம் யார் கூட வருவது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நடுவில் சில வங்கிகள் வராத கல்விக் கடன்களை மொத்தமாகத் தனியார் மீட்பு நிறுவனங்களுக்கு விற்றன. படிக்கிற காலத்தில் ஒரு போன் கூட வராத வீடுகளுக்கு அப்புறம் தினமும் போன் வந்தது.

நான் 2012 டிசம்பரில் கடைசித் தவணை கட்டி, நிலுவை இல்லை சான்றிதழ் வாங்க அப்பாவோடு கிளைக்குப் போனேன். மூன்றாம் கவுண்டரில் ஒரு வடநாட்டுப் பெண் இருந்தார். பழையவர் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டாராம். பெயர் கூட அப்பாவுக்குத் தெரியவில்லை, "கவுண்டர் சார்" என்றே கூப்பிட்டிருக்கிறார்.

அக்கா பையனுக்கு என்ன சொன்னேன்? அவன் கல்லூரி அந்த 860-இல் இல்லை. கல்லூரிக்கு நாக் அல்லது என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா பார், இருந்தால் வருமானச் சான்றிதழை இந்த வாரமே வாங்கு, கொடுத்ததற்குக் கிளையில் முத்திரையோடு நகல் வாங்கிக்கொள் என்றேன். சாங்ஷன் கடிதத்தில் உன் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும், தாத்தா வீட்டு முகவரி மட்டும் போதாது என்றேன். சலுகை வராவிட்டால் வட்டியை மாதாமாதம் கட்டுவதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "எல்லாம் சரிடா, அந்த மாச வட்டியை நான் கட்டிக்கிடுதேன். அவன்கிட்ட சொல்லாத."