காத்திருப்புக்கு ஒரு பதவிப்பெயர்: பின்முனைவர் ஆய்வின் இந்திய வரலாறு

1949ஆம் ஆண்டு. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும், சூரிச் நகரில் விளாதிமிர் பிரெலாகின் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஓராண்டு அனுபவமும் பெற்ற 27 வயது வேதியியலாளர் ஒருவர் இந்தியா திரும்பினார். இங்கிலாந்து சென்று படிக்க அவருக்கு உதவித்தொகை அளித்தது இந்திய அரசு. சூரிச்சிலோ ஊதியமின்றிச் சேமிப்பைக் கொண்டே வாழ்ந்தார். திரும்பியவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட்டின் ஆய்வகத்துக்கு மீண்டும் புறப்பட்டார். 1952இல் வான்கூவர், 1960இல் விஸ்கான்சின், 1968இல் நோபல் பரிசு. அவர் ஹர் கோவிந்த் கொரானா.

இதனை அறிவாளர் வெளியேற்றத்தின் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது ஓர் இடைவெளியின் கதை. முனைவர் பட்டத்துக்கும் நிலையான பணிக்கும் நடுவிலுள்ள ஆண்டுகளை யார் தாங்குவது என்பதே கேள்வி.

அமெரிக்கா இக்கேள்விக்கு 1919இலேயே ஒரு விடை கண்டது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் நிதியில் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் இயற்பியல், வேதியியல் துறைகளில் பட்டம் முடித்த இளைஞருக்கு ஆய்வுத்தகைமைகளை வழங்கியது. கற்பித்தல் சுமையின்றி ஆய்வில் மட்டும் ஈடுபட வேண்டிய காலமாக அது கருதப்பட்டது.

இந்தியாவில் எம். எஸ். சுவாமிநாதனின் அனுபவம் கொரானாவுக்கு நேர்மாறாக அமைந்தது. விஸ்கான்சினில் பின்முனைவர் ஆய்வை முடித்து, அங்கே கிடைத்த பணியையும் மறுத்து, 1954இல் கையில் வேலையின்றி நாடு திரும்பினார். கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சில மாதத் தற்காலிகப் பணி கிடைத்தது. அவ்வாண்டிலேயே டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். தற்காலிகப் பணிக்கு அப்பால் ஒரு கதவு திறந்திருந்தது. அவரது வாழ்வில் அதுவே தீர்மானமாயிற்று.

1958 மார்ச் 4 அன்று வெளியான அறிவியல் கொள்கைத் தீர்மானம் அறிவியலாளருக்கு நல்ல பணிச்சூழலையும் மதிப்பான இடத்தையும் உறுதியளித்தது. அதே ஆண்டில் சி.எஸ்.ஐ.ஆரின் பொறுப்பில் ‘சயின்டிஸ்ட்ஸ் பூல்’ திட்டம் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் நிலையான பணி தேடும் வரை பல்கலைக்கழகத்திலோ ஆய்வகத்திலோ ஊதியத்துடன் பணியாற்றலாம். கொரானாவுக்கு ஒன்பது ஆண்டுகள் தாமதமாக வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் குளம் வெட்டியவர்கள் வாய்க்கால் வெட்டவில்லை. பூல் அதிகாரிக்கு ஊதியம் அளித்தது சி.எஸ்.ஐ.ஆர்.; அவரை ஏற்ற பல்கலைக்கழகத்துக்கோ நிலையான பணி தரவேண்டிய கடமை ஏதுமில்லை.

இவ்வமைப்பு இன்றும் மாறவில்லை. ராமானுஜன், ராமலிங்கசாமி, இன்ஸ்பயர் ஆகிய தகைமைகள் ஐந்தாண்டுக்குரியவை. தேசியப் பின்முனைவர் தகைமை இரண்டாண்டுக்குரியது. அதற்குப் பொது வயது வரம்பு 35. நிதி மத்திய அரசின் துறைகளிலிருந்து வருகிறது. பேராசிரியர் பணியிடமோ பல்கலைக்கழகத்தின் கையில், பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கிறது. ஒன்றின் முடிவு மற்றதன் தொடக்கமாக அமைவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

நானும் இவ்விடைவெளியில் நிற்பவன்தான். ஆகவே இதை முழு நடுநிலையுடன் எழுதியதாகச் சொல்லமாட்டேன். எனினும் வரலாறு காட்டுவது தெளிவு. புதிய தகைமை ஒன்றை அறிவிக்கும்போதெல்லாம், அது முடியும் ஆண்டில் எத்தனை பணியிடங்கள் நிரப்பப்படும் என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். அதுவரை நாம் வழங்குவது காத்திருப்புக்கு ஒரு பதவிப்பெயர் மட்டுமே.